ஆதி நிலைக்குத் திரும்பிய ஆர்கன்

மனித குலம் முதலில் நெருப்பைக் கண்டுபிடித்தது. பிறகு சக்கரத்தைக் கண்டுபிடித்தது. அதற்குப் பிறகுதான் அறிவு முற்றி, குழு அமைப்பதைக் கண்டுபிடித்தது. முதல் இரண்டும் இல்லாமல்கூட எப்படியாவது சமாளித்திருப்போம். மூன்றாவது மட்டும் இல்லையென்றால் இந்தப் பேராலயத்து ஆர்கனின் கதி என்னவாகியிருக்கும் என்று நினைத்தாலே நெஞ்சு பதறுகிறது.

அந்த ஆர்கனைப் பற்றி முதலில் இரண்டு வார்த்தை. பேராலயத்து வாசலுக்கு நேர் மேலே, பின்பக்க மாடத்தில், சுவர் முழுவதையும் அடைத்துக்கொண்டு நிற்கிறது. முகப்பில் பொன்முலாம் பூசிய குழாய்கள். பெரியது கூரையை முட்டும். பின்னால் ஒரு பிரம்மாண்டமான மரப்பெட்டி, அதற்குள் நூற்றுக்கணக்கான குழாய்கள். சின்னது பென்சில் அளவுதான். அடியில் துருத்தி. துருத்தி காற்றைத் தரும். வாசிப்பவர் கட்டையை அழுத்துவார். அந்தக் கட்டைக்குரிய குழாய் தன் சுரத்தைச் சொல்லும். பெட்டி, குழாய், காற்று, இவ்வளவுதான் சமாசாரம். இவ்வளவு எளிய ஒன்றைப் புரிந்துகொள்ள நிபுணர்களை வரவழைக்க வேண்டியிருந்தது.

கப்பலில் வந்த அந்த ஆர்கனின் வரலாறோ நீண்டது. வந்த நாள் முதல் ஒவ்வொரு ஆயரும் தன் பங்குக்கு எதையாவது சேர்த்தார். ஒருவருக்குக் காது மந்தம். எக்காளக் குழாய்கள் சேர்ந்தன. அடுத்தவருக்குத் தீராத தலைவலி. எக்காளங்களின் வாயில் கம்பளித் துணி அடைக்கப்பட்டது. இன்னொருவர் பறவைப் பிரியர். குட்டிக் குழாய் ஒன்றைத் தண்ணீர்க் கிண்ணத்துக்குள் கவிழ்த்து வைக்கச் செய்து, ஒரு குமிழை இழுத்தால் குயில் கூவும்படி ஏற்பாடு பண்ணினார். துருத்தியை மிதிக்க இரண்டு ஆட்கள் இருந்தார்கள். பிரசங்கம் நீண்டால் அவர்கள் தூங்கிவிடுவார்கள், அடுத்த பாட்டு பாதியில் மூச்சை விடும். அதனால் மின்மோட்டார் வந்தது. இப்படி ஆளுக்கொரு கை வைத்தும், அந்த ஆர்கன் கூச்சநாச்சமில்லாமல் பாடிக்கொண்டே இருந்தது.

அதை வாசித்தவரை ஊர் "ஆர்கன்காரர்" என்றுதான் சொல்லும். அவர் மனைவிகூடக் கோபம் வந்தால் "ஆர்கன்காரருக்கு மட்டும் இந்த வீட்டுல எதுவும் கேக்காது" என்பாள். ஒரே மகள், பல் டாக்டர். பிறர் வாயைத் திறக்கவைப்பது அவள் தொழில், தன் வாயை மூடுவது அவளுக்கு வராத கலை. அந்த மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது.

ஆர்கன்காரர் பேசத் தெரியாதவர். மகள் படித்து முடித்து வெள்ளைக் கோட்டுடன் வந்து நின்ற நாளில், "கோட்டு கொஞ்சம் பெருசா இருக்கு" என்று மட்டும் சொன்னவர். சொல்ல முடியாமல் போனதையெல்லாம் பல வருடமாக ஒரு மெட்டில் போட்டுவைத்திருந்தார். மணப்பெண் உள்ளே வரும்போது வாசிப்பதற்கான நடை மெட்டு அது. கைப்பிடித்து அழைத்துவருவது மாமாவின் வேலை; அப்பா மாடத்தில் இருப்பார். அவள் வாசலில் கால் வைக்கும் நேரத்தில் அந்தப் பெரிய குழாய் தொடங்கும். அது பேசினால் காதில் விழுவதற்கு முன்னால் தரை லேசாக அதிரும். அந்த அதிர்வு மகளின் பாதத்தைத் தொடும். அப்பா அவளோடு நடக்கிற விதம் அதுதான் என்று அவர் மனதுக்குள் முடிவுசெய்திருந்தார், யாரிடமும் சொல்லவில்லை.

இதில் ஒரே ஒரு சிக்கல் இருந்தது. பெரிய குழாயின் அடியில் சுற்றியிருந்த தோல் கிழிந்து, காற்று 'உஸ்' என்று கசிந்தது. தரையும் அதிரும், கூடவே யாரோ சூடான காபியை ஊதிக் குடிப்பது போலவும் கேட்கும்.

ஆர்கன்காரர் பங்குத்தந்தையிடம் போனார்.

"ஃபாதர், பெரிய குழாய்க்கு அடியில தோல் கிழிஞ்சிருக்கு. ஒரு துண்டுத் தோலும் கொஞ்சம் பசையும் இருந்தா நானே ஒட்டிடுவேன்."

ஃபாதர் நல்ல மனிதர். யாருக்கும் எதிலும் மறுப்புச் சொல்லாதவர். அதனாலேயே எதையும் தீர்மானிக்காதவர். 

"நீங்க எதுக்கு அலையணும்? நாளைக்கு யாராவது ஏன் ஒட்டினேன்னு கேட்டா?"

"கசிஞ்சுது, ஒட்டினேன்னு சொல்லலாம் ஃபாதர்."

"அப்படியெல்லாம் ஒத்தை வார்த்தையில பதில் சொல்லக் கூடாது. ஒரு குழு போட்டுடுவோம்."

பேசாமல் அன்று சாயங்காலமே மாடத்துக்கு ஏறி ஒட்டிவிட்டு இறங்கியிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. அனுமதி கேட்டார் பாருங்கள், அங்கேதான் அவர் மாட்டிக்கொண்டார்.

"பேராலய ஆர்கன் மரபுச் சீரமைப்புக் குழு" பிறந்தது. தலைவர், குடிநீர் வாரியத்தில் பொறியாளராக இருந்து ஓய்வுபெற்றவர். ஆயுள் முழுவதும் குழாய்களோடு வாழ்ந்தவர் என்ற ஒரே தகுதியால் ஏகமனதாகத் தேர்வானார். செயலாளர், ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியை. எந்தப் பேச்சையும் தீர்மானமாக மாற்றிவிடும் திறமை படைத்த அம்மாள். பொருளாளர் கூட்டம் தொடங்கும்போது கண்ணை மூடி, முடியும்போது திறந்து "நானும் ஆமோதிக்கிறேன்" என்பார். இவர்களுக்கெல்லாம் மேலே மரபு நிபுணர் ஒருவர் இருந்தார். எதை எடுத்தாலும் "மூலத்தில் எப்படி இருந்தது?" என்று கேட்பதால் அவருக்கு "மூலவர்" என்று பெயர் நிலைத்துவிட்டது. எல்லோருக்கும் மார்பில் குத்திக்கொள்ள நாடா வைத்த வில்லை கொடுக்கப்பட்டது. ஆர்கன்காரருக்கு "பேச உரிமையில்லாத சிறப்பு அழைப்பாளர்" என்ற கௌரவம் கிடைத்தது. அதற்கு வில்லை கிடையாது.

முதல் கூட்டத்தில் தலைவர் ஆர்கனை மேலும் கீழும் பார்த்தார்.

"தண்ணி எந்தப் பக்கத்துல இருந்து வருது?"

"இதுல தண்ணி வராது சார். காத்துதான் வரும்" என்றார் ஆர்கன்காரர், உரிமையை மீறி.

"எங்க வாரியத்துலயும் அப்படித்தான்" என்று தலைவர் திருப்தியாகத் தலையாட்டினார். தம் அனுபவம் வீண்போகவில்லை என்று அவருக்குப் பட்டது.

"கசிவை அடைக்கறதுன்னு சொல்றீங்க" என்று மூலவர் தொடங்கினார். அவர் குரல் எப்போதும் துக்க வீட்டில் பேசுவது மாதிரி இருக்கும். "அதுக்கு முன்னால ஒரு அடிப்படைக் கேள்வி. கசிவு மூலத்துலயே இருந்ததா, பின்னாடி வந்ததா? மூலத்துலயே இருந்திருந்தா, அதை அடைக்க நாம யாரு?"

பொருளாளரின் மூச்சு மட்டும் சீராக வந்தது. செயலாளர் அம்மாள் எழுதிக்கொண்டே படித்தார்: "கசிவின் தொன்மை ஆராயப்படும் வரை கசிவைத் தொடுவதில்லை என இக்குழு தீர்மானிக்கிறது."

வீட்டில் மகள் இதைக் கேட்டதும் கையிலிருந்த டம்ளரை மேசையில் வைத்தாள்.

"என்னப்பா இது? ஒரு பல்லு ஆடுதுன்னு ஒருத்தர் வந்தா, நான் அவர் பிறந்தப்ப பல்லே இல்லையேன்னு யோசிச்சுக்கிட்டா உக்காந்திருப்பேன்?"

"பெரியவங்க பேசறாங்கம்மா. நமக்கென்ன தெரியும்?"

"உங்களுக்கு வாசிக்கத் தெரியும்ல?"

"அது ஒரு தகுதியா?" என்றார் ஆர்கன்காரர், உண்மையாகவே.

பல் டாக்டர் வாயில் வந்ததுதான் அப்படியே நடந்தது. மூலவர் ஆராயத் தொடங்கினார். ஆராய்ச்சியின் முதல் பலி மோட்டார். கப்பல் வந்த காலத்தில் ஊரில் மின்சாரமே கிடையாது என்று மூலவர் நிறுவியதும், மோட்டாருக்கு வாய் இருந்திருந்தால் மன்னிப்புக் கேட்டிருக்கும். அதைக் கழற்றியது "மீட்பின் முதற்கட்டம்" என்று அழைக்கப்பட்டது. இனித் துருத்தியை ஆள்தான் மிதிக்க வேண்டும். ஆர்கன்காரர் மைத்துனரை அழைத்துவந்து மிதிக்கவிட்டு வாசித்துப் பார்த்தார்.

அடுத்த கட்டத்தில் குயில் போனது. தண்ணீர்க் கிண்ணத்தைத் தலைவர் தாமே கையில் ஏந்தி இறக்கினார். இந்தச் சீரமைப்பில் அவருக்கு விளங்கிய ஒரே பாகம் அதுதான். பிறகு எக்காளங்களின் வாயிலிருந்து கம்பளித் துணி எடுக்கப்பட்டது. மறுவாரம் எக்காளங்களே எடுக்கப்பட்டன. ஆட்கள் கழற்றக் கழற்ற மூலவரின் முகம் தெளிந்துகொண்டே வந்தது. ஆர்கன்காரரின் முகம் அதே வேகத்தில் வாடிக்கொண்டே வந்தது.

"இப்ப வாசிச்சுப் பாருங்க. எப்படி இருக்கு?" என்று கேட்டார் தலைவர்.

"பாதி இல்ல சார்."

"பாதி மாசு நீங்கியிருக்குன்னு சொல்லுங்க" என்று மூலவர் திருத்தினார். செயலாளர் அம்மாள் திருத்தத்தை மட்டும் எழுதிக்கொண்டார்.

பாதி போனாலும் பெரிய குழாய் இருந்தது. 'உஸ்' என்ற கசிவோடு அது இன்னும் தரையை அதிரவைத்தது. அதுபோதும் என்று ஆர்கன்காரர் மனதைத் தேற்றிக்கொண்டார். கல்யாணத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது, கசிவின் தொன்மை எப்படியும் தெரிந்துவிடும் என்று நம்பினார். அந்த நம்பிக்கையில்தான் ஓவியம் வந்து விழுந்தது.

பூசை உடைகள் வைக்கும் அறையில் ஒரு அலமாரியை நகர்த்தியபோது, அதன் பின்னால் ஒரு பழைய எண்ணெய் ஓவியம் கிடைத்தது. ஆர்கன் திறப்பு விழாவை யாரோ ஓவியர் நேரில் பார்த்து வரைந்திருந்தார். மூலவர் அதன்முன் வெகுநேரம் குனிந்து நின்றார். நிமிர்ந்தபோது அவர் கண்ணில் நீர்.

"பாருங்க. முகப்புக் குழாய் இருக்கு. கட்டைப்பலகை இருக்கு. ஆனா பெட்டியோட பக்கக் கதவு திறந்திருக்கு பாருங்க. உள்ள என்ன இருக்கு?"

எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். பெட்டிக்குள் குழாய் இல்லை, துருத்தி இல்லை. ஒரு பூனை சுருண்டு படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தது.

விஷயம் இதுதான். முதல் கப்பலில் பெட்டியும் முகப்பும் மட்டும் வந்திருக்கின்றன. உள்ளுறுப்புகள் ஏற்றிய கப்பல் வேறு எந்தத் துறைமுகத்துக்கோ போய்ச் சுற்றிவிட்டுப் பிற்பாடுதான் வந்திருக்கிறது. விழா நாள் குறித்தாகிவிட்டது, ஆயர் வந்தாகிவிட்டது, அதனால் காலிப் பெட்டியையே திறந்துவைத்திருக்கிறார்கள்.

"அப்படின்னா" என்று மூலவர் குரல் நடுங்கச் சொன்னார், "துருத்தியும் உள்ளே இருக்கிற குழாய் எல்லாமும் பிற்சேர்க்கை. மூலத்துல இந்த ஆர்கன்ல சத்தமே கிடையாது."

"இவங்க யாரு, வில்லை குத்திக்கிட்டு வரிசையா நிக்கறவங்க?" என்று தலைவர் ஓவியத்தின் ஓரத்தைக் காட்டினார். 

"அன்றைய ஆர்கன் குழு."

"எல்லாரும் ஏன் வாயைத் திறந்திருக்காங்க?"

"பாடறாங்க. ஆர்கன் பாடாதில்லையா, அதனால குழுவே பாடியிருக்கு."

தலைவர் இருமினார். "அடுத்த பொருளுக்குப் போவோம்" என்றார்.

அன்றைய தீர்மானத்தில் உள்ளுறுப்புகள் அனைத்தும் "காலமுரணான சேர்க்கை" எனப்பட்டன. அவற்றை வைக்கோலில் சுற்றி, நிலவறையில் அடுக்கி, கதவுக்குச் சீல் வைத்தார்கள். முகப்பில் நின்ற பெரிய குழாய், ஓவியத்தில் இருந்ததால் தப்பியது. ஆனால் அதற்குக் காற்று போகும் வழி ஓவியத்தில் இல்லாததால் வழி அடைக்கப்பட்டது. கசிவு அத்தோடு நின்றுவிட்டது. ஆர்கன்காரரின் புகார் திருப்திகரமாகத் தீர்க்கப்பட்டதாகச் செயலாளர் அம்மாள் அறிவித்தார்.

ஆர்கன்காரர் எழுந்து நின்றார். பேச உரிமை இல்லை என்பது அவருக்கு மறந்துபோயிருந்தது.

"அப்ப இதுல நான் எதை வாசிக்கிறது?"

மூலவர் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். "வாசிக்கிறதா? இது ஆர்கன், ஆர்கன்காரரே."

பூனைதான் கடைசிப் பிரச்சினையாக இருந்தது. ஓவியத்தில் உள்ள பூனை சாம்பல் நிறமா, ஓவியம் அழுக்கானதால் சாம்பலாகத் தெரியும் வெள்ளையா என்பதில் குழு இரண்டாகப் பிளந்தது. உபகுழு அமைக்கப்பட்டது. கடைசியில் பேராலயச் சமையலறைப் பக்கம் திரிந்த ஒரு சாம்பல் பூனையைப் பிடித்து நியமித்தார்கள். அது தூங்குகிற பூனையாக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. பணியில் சேர்ந்த நாள் முதல் அந்தப் பூனை தூங்கிக்கொண்டேதான் இருந்தது. குழுவின் நியமனங்களில் அந்த ஒன்றை மட்டும் யாரும் குறைசொல்ல முடியாது.

மறுதிறப்பு விழாவுக்குக் கூட்டம் அலைமோதியது. ஆர்கன்காரர் புதுக் கோட்டு மாட்டிக்கொண்டு உட்கார்ந்து, குழு சொன்னபடி காற்றில்லாத கட்டைகளை வாசித்தார். டக், டக், டக் டக் என்று கட்டைகள் மரத்தில் தட்டும் சத்தம் மட்டும் கேட்டது. மக்கள் மூச்சை அடக்கிக்கொண்டு கவனித்தார்கள். ஒரு பத்திரிகை விமர்சகர் கண்களை மூடித் தலையசைத்தார். "இத்தனை நேர்மையான இசையை நான் கேட்டதே இல்லை" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். கேட்கவில்லை என்பது மட்டும் உண்மை. நடுவில் பூனை விழித்து 'மியாவ்' என்றது. அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது.

அன்று வீட்டுக்கு வந்த ஆர்கன்காரர் கோட்டைக் கழற்றாமலே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். மனைவி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். 

"ஏங்க, கைதட்டினாங்களே. சந்தோஷமா இல்லையா?"

"எம் பொண்ணு வாசல்ல கால் வைக்கிறப்ப நான் என்ன பண்ணுவேன்?" என்றார் அவர். அவ்வளவு பெரிய மனிதர் குழந்தை மாதிரி அழுதார். அந்த மெட்டு எதற்காக என்று அன்றைக்குத்தான் அவர் மனைவிக்கும் மகளுக்கும் தெரிந்தது.

மகள் முதலில் சுலபமான வழியைப் பார்த்தாள். ஒரு மின்னணு கீபோர்டை வாடகைக்கு எடுத்துவருவதாகச் சொல்லி அனுமதி கேட்டாள். குழு அவசரமாகக் கூடியது. பேராலயம் முழுவதும் "பாதுகாக்கப்பட்ட ஒலி வளாகம்" என அறிவிக்கப்பட்டது. மூலத்தில் இல்லாத எந்தச் சத்தமும் அதற்குள் எழுப்பப்படக் கூடாது. கீபோர்டு, ஒலிபெருக்கி, செல்போன் எல்லாம் தடை. தும்மலைப் பற்றி மட்டும் விவாதம் ஒத்திவைக்கப்பட்டது. மனிதக் குரலுக்கு விலக்கு உண்டு, ஏனென்றால் ஓவியத்தில் வாய்கள் திறந்திருக்கின்றன.

"யாரோட வாய் திறந்திருக்கு?" என்று மகள் கேட்டாள்.

"அன்றைய குழுவோடது" என்றார் மூலவர்.

"சரி" என்று மட்டும் சொல்லிவிட்டு அவள் கிளம்பினாள். அவள் ஒரே வார்த்தையோடு நிறுத்திக்கொண்டாள் என்றால் வீட்டில் உள்ளவர்கள் பயப்படுவார்கள். குழுவுக்கு அது தெரியாது.

கல்யாண நாள் வந்தது. பேராலயம் நிறைந்திருந்தது. மாப்பிள்ளை பீடத்தின் முன்னால் கழுத்துப் பட்டையைச் சரிசெய்தபடி நின்றார். குழுவினர் வில்லைகளோடு முன்வரிசையில் அமர்ந்திருந்தார்கள். ஆர்கன்காரர் மாடத்தில், செத்துப்போன கட்டைகளுக்கு முன்னால், கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வரவே மாட்டேன் என்றுதான் சொன்னார். "நீங்க மேல உக்காந்திருந்தாத்தான் நான் உள்ள வருவேன்" என்று மகள் பிடிவாதம் பிடித்திருந்தாள்.

கதவு திறந்தது. மாமாவின் கையைப் பிடித்தபடி மணப்பெண் வாசலில் வந்து நின்றாள். நின்றவள் நின்றவள்தான்.

"நடம்மா" என்று மாமா காதோரம் சொன்னார்.

"சத்தம் வரட்டும் மாமா."

"எங்கேர்ந்தும்மா வரும்?"

"வர வேண்டிய இடத்துல இருந்து வரும்."

தலைகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. மாப்பிள்ளை பட்டையை விட்டுவிட்டார். ஃபாதர் பீடத்திலிருந்து கெஞ்சும் பார்வை பார்த்தார். அப்போது மகள், தன் மருத்துவமனையில் கடைசி வரிசையில் காத்திருக்கும் நோயாளிக்கும் கேட்கும் குரலில் பேசினாள்.

"குழுத் தலைவர் சார், ஒரு சந்தேகம். மூலத்துல ஆர்கன் பாடல. சரி. குழு பாடிச்சு. இன்னைக்கு ஆர்கன் மூலத்துக்குத் திரும்பிடுச்சு. அதுவும் சரி. குழு ஏன் இன்னும் திரும்பல?"

தலைவர் இருமினார். இந்த முறை போவதற்கு அடுத்த பொருள் இல்லை.

"சட்டப்படி பார்த்தா..." என்று செயலாளர் அம்மாள் தொடங்கினார். அதற்குள் மூலவர் எழுந்துவிட்டார். அவரைப் பற்றி என்ன வேண்டுமானாலும் சொல்லலாம், கொள்கைக்கு அவர் துரோகம் செய்ததில்லை. வெளிறிப்போயிருந்தார்.

"அந்தப் பொண்ணு சொல்றது சரி" என்றார். "நம்ம சீரமைப்பு முழுமையடையல. நாம வாயை மூடிக்கிட்டு இருக்கோம். இது காலமுரண்."

குழு மாடத்துக்கு ஏறியது. பொருளாளரை மட்டும் எழுப்பவில்லை. அவர் குறட்டை முன்வரிசையிலிருந்தே சரியான சுருதியில் வந்துகொண்டிருந்தது, அதைக் கலைக்க ஆர்கன்காரர் விரும்பவில்லை. தலைவரையும், செயலாளர் அம்மாளையும், மூலவரையும் பெட்டியின் முன்னால், ஓவியத்தில் உள்ளபடி வரிசையாக நிறுத்தினார். ஆளுக்கு இரண்டு சுரம் சொல்லிக்கொடுத்தார். தலைவருக்குப் பெரிய குழாயின் சுரம் வாய்த்தது. கட்டையைத் தட்டி யாரைப் பார்க்கிறாரோ அவர் பாட வேண்டும்.

கீழே வாசலிலிருந்து மகளின் குரல் வந்தது. அது கல்யாணப் பெண்ணின் குரலாக இல்லை, தொழில் குரலாக இருந்தது.

"எல்லாரும் வாயைத் திறங்க. இன்னும் பெருசா. பயப்படாதீங்க, வலிக்காது."

அவர்கள் திறந்தார்கள். ஆர்கன்காரர் முதல் கட்டையைத் தட்டித் தலைவரைப் பார்த்தார்.

"பூஉஉம்" என்றார் தலைவர்.

தரை அதிரவில்லை. முன்வரிசையில் பொருளாளரின் பெஞ்சு மட்டும் லேசாக அதிர்ந்தது. அடுத்த கட்டைக்குச் செயலாளர் அம்மாள் "ஈஈ" என்றார், வகுப்பில் பேசும் பிள்ளைகளை அடக்கும் அதே சுருதியில். மூலவர் நடுவில் புகுந்து "ஆஆ" என்றார். அவர் கண்ணில் நீர் வழிந்தது, அது இசையாலா அவமானத்தாலா என்று சொல்வது கஷ்டம். தன் முறை வரும்போது வாயைத் திறக்க வேண்டும், முறை முடிந்ததும் மூட வேண்டும். முதல் பாதி மூவருக்கும் எளிதாக வந்தது. இரண்டாம் பாதியில் குழுவுக்குப் பழக்கமே இல்லை. தலைவரை நிறுத்த ஒவ்வொரு முறையும் மைத்துனர் பின்னாலிருந்து தோளைத் தட்ட வேண்டியிருந்தது.

மாமா இங்கே, மைத்துனர் அங்கேயா என்று கேட்காதீர்கள். ஆர்கன்காரரின் மனைவிக்கு இரண்டு தம்பிகள்.

பல வருடம் இழைத்த மெட்டு, சந்தையில் ஆளைத் தொலைத்தவர்கள் கூப்பிடுகிற மாதிரி வந்தது. ஆனாலும் வந்தது. மகள் சிரித்துக்கொண்டே நடந்தாள். பாதி வழியில் நின்று, திரும்பி, மாடத்தை அண்ணாந்து பார்த்தாள். பேராலயமே சிரித்துக்கொண்டிருந்தது. அப்பாவும் மகளும் மட்டும் அழுதார்கள். அவருக்குச் சந்தோஷம்தான். ஆனால் அந்த மெட்டை அதன் சொந்தக் குரலில் மகள் ஒருபோதும் கேட்கப்போவதில்லை என்பது நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. கல்யாணம் இரண்டாவது தடவை நடக்காது. வாசலில் கால் வைப்பது ஒரு தடவைதான்.

கல்யாணம் முடிந்து மண்டபத்தில் தேநீர் கொடுத்தார்கள். குழு உற்சாகத்தில் மிதந்தது. குரல் கட்டிப்போன தலைவர், எல்லோர் கையையும் பிடித்துக் குலுக்கி, "எங்க குழு மட்டும் இல்லைன்னா இன்னைக்கு இந்தக் கல்யாணத்துல பாட்டே இருந்திருக்காது" என்று சொல்லிக்கொண்டிருந்தார். செயலாளர் அம்மாள் அதைத் தீர்மானமாக எழுதிக்கொண்டிருந்தார். பொருளாளர் கண்விழித்து ஆமோதித்தார்.

வெளியூரிலிருந்து வந்திருந்த சம்பந்தி, தேநீர்க் கோப்பையோடு ஆர்கன்காரரிடம் வந்தார். பாவம், நல்லெண்ணத்தோடுதான் வந்தார்.

"சம்பந்தி, உங்க குழுவைப் பார்த்தா பிரமிப்பா இருக்கு. எங்க ஊர்க் கோயில்லயும் ஒரு பழைய ஆர்கன் இருக்கு. கொஞ்ச நாளா வாசிக்கறப்ப மூச்சு வாங்குது. இவங்களை ஒருதரம் வந்து பாக்கச் சொல்றீங்களா?"

ஆர்கன்காரர் பதறிப்போய் அவர் கையைப் பிடித்து ஒரு தூண் மறைவுக்கு இழுத்துக்கொண்டு போனார். சுற்றும்முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"மூச்சு வாங்குதுன்னா இன்னும் உசுரோட இருக்குன்னு அர்த்தம், சம்பந்தி. உங்களுக்குப் புண்ணியமாப் போகும். யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."